காலருக்குள் வந்த டோக்கன்

எங்கள் தையல் வரிசையில் நாற்பது பேர். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு சிவப்பு டோக்கன், சூப்பர்வைசர் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கும். ஷிஃப்டுக்கு ஆளுக்கு இரண்டு முறை. மூன்றாவது முறை எழுந்தால், மறுநாள் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

அப்போது எனக்கு ஏழாம் மாதம். சிறுநீரில் கிருமி இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குடித்தால் வேலை போய்விடும். காலையில் நிரப்பிய பாட்டிலை மாலையில் அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போனேன். "ஆண்டவரே, என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்" என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை.

எனக்கு முந்தைய மெஷினில் காலர் அக்கா. அவள் காலர் தைத்துத் தள்ளிவிடும் சட்டைக் கட்டுக்கு நான் கைப்பகுதியை இணைத்துத் தைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலும் அவளுக்கு என் முன்பெஞ்சுதான்.

"என்னடி, பாட்டிலை அடைகாக்கிறியா?" என்றாள் ஒருநாள்.

விஷயத்தைச் சொன்னேன். உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அன்று மதியம் எழுந்துபோய் டோக்கனை எடுத்தவள், கதவுப் பக்கம் போகாமல் வந்து உட்கார்ந்தாள். அடுத்த கட்டைப் பிரித்தால், காலர்களுக்கு நடுவே டோக்கன்.

"அக்கா, இது உங்க முறை."

"என் முறையை யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன். சின்னவங்களுக்கு ஒரு கலசம் தண்ணி குடுத்தாலே பலன் உண்டுன்னு ஆண்டவர் சொன்னாரு. குடிச்ச தண்ணி போக வழி விட்டா, அதுக்கும் ஏதாவது வச்சிருப்பாரு. போடி, சீக்கிரம்!"

மறுநாள் பாக்கெட் தைக்கும் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். என் பாட்டில் காலியாகத் தொடங்கியது.

நான்காம் நாள் சூப்பர்வைசர் நேராக என்னிடம் வந்தார். குரலுக்காக நாங்கள் 'விசில்' என்று பெயர் வைத்திருந்த அம்மாள்.

"காலையிலேருந்து நாலு தடவை எந்திரிச்சிட்டே."

கட்டை உதறினார். டோக்கன் விழுந்து உருண்டது. பக்கத்து மெஷின்கள் நின்றன.

காலர் அக்கா எழுந்தாள். "எல்லாம் எங்க முறைதான் மேடம். கூடுதலா ஒண்ணுகூட இல்லை. அவ வயித்துல பிள்ளை இருக்கு. புகார் எழுதணும்னா என் பேரை எழுதுங்க."

விசில் என் வயிற்றைப் பார்த்தார். காலிப் பாட்டிலைப் பார்த்தார். மெல்லக் குனிந்து டோக்கனை எடுத்தார்.

"எனக்கு டோக்கன் கிடையாது. அதனால குடுக்கிறதுக்கு முறையும் இல்லை" என்றார். அதை என் மெஷின்மேல் வைத்துவிட்டு, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, "இனிமே டோக்கன் இவகிட்டதான் இருக்கும். வேணுங்கிறவங்க இங்க வந்து வாங்கிக்குங்க. என்ன வேடிக்கை? தைங்க!" என்றார்.

அதன்பிறகு நான் எத்தனை முறை எழுந்தாலும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அது அவர் செய்த இரண்டாவது உதவி.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். ஸ்தோத்திரம் சொல்ல ஆலயத்தில் எழுந்து நின்றபோது, கழிப்பறை என்ற சொல்லை அங்கே எப்படிச் சொல்வது என்று தடுமாறினேன்.

"என்னைத் தண்ணி குடிக்க விட்டவங்களுக்காக..." அதற்குமேல் வரவில்லை.

முன்பெஞ்சில் காலர் அக்காவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பாஸ்டர் நினைத்திருப்பார். எனக்குத் தெரியும், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.