இஸ்திரிக்காரரும் ‘நான்தான்’ என்ற சொல்லும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சட்டைப் பொத்தானில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சலவைக்குப் போட்ட சட்டையை வாங்கச் சலவைக்கூடத்துக்குப் போனேன். கழுத்துப் பொத்தானைக் காணோம். அது போய் இரண்டு வருஷம் ஆகிறது, எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் இஸ்திரிக்காரர் முந்திக்கொண்டார்.

“நான்தான் சார். தேய்க்கும்போது தெறிச்சிருக்கும்.”

சொன்னதோடு நிற்காமல், ஊசியை எடுத்துப் புதுப் பொத்தானும் தைத்துக் கொடுத்தார். நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன். சும்மா கிடைப்பதை எதற்கு விட வேண்டும்?

வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் பிடித்துக்கொண்டது. செய்யாத தப்பை ஒருத்தன் எதற்கு ஒத்துக்கொள்கிறான்? எனக்கு மனிதர்கள் மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. இவனுக்கு இதில் ஏதோ லாபம் இருக்க வேண்டும். அது என்ன என்று பார்க்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: அன்று வானம் கறுத்து, மனித மனங்களைப் போலவே கனத்து...

(வேண்டாம். அதை மெத்தப் படித்தவர்கள் எழுதட்டும். சலவைக்கூடத்துக்குள் வானம் தெரியாது, நீராவிதான் தெரியும்.)

இரண்டாவது தொடக்கம்: ஓர் ஓட்டலின் வெள்ளை மேசைத்துணிகள் அத்தனையும் ரோஸ் நிறத்தில் வெளியே வந்தன.

இது பரவாயில்லை.* யாரோ ஒரு சிவப்புக் காலுறையை வெள்ளைத் துணியோடு சேர்த்து மெஷினில் போட்டுவிட்டார்கள். ஓட்டல்காரர் வந்து கத்தினார். போட்டவனை வேலையை விட்டுத் தூக்கப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். மறுநாள் சூப்பர்வைசரம்மா எல்லோரையும் துணி மடிக்கும் மேசையைச் சுற்றி நிற்கவைத்து, “யாரு?” என்றார்.

“நான்தான்” என்றார் இஸ்திரிக்காரர்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். துணி நிறம் மாறிய அன்று அவர் பல் பிடுங்கிக்கொள்ள லீவு. கன்னம் இன்னும் பன் மாதிரி வீங்கியிருந்தது.

“அண்ணே, நேத்து நீங்க வரவே இல்லையே!”

“வரலதாம்மா.”

“அப்புறம் எப்படி நீங்க போட்டிருப்பீங்க?”

“அந்த சாக்ஸ் முந்தாநாளே கீழ கெடந்திருக்கும். நான் பாத்து எடுத்து வச்சிருக்கணும்.”

“பாத்தீங்களா?”

“இல்ல. பாக்காததுதானம்மா தப்பு?”

* மேசைத்துணி விவகாரம் நானாகக் கட்டியது. பொத்தானும், அடுத்து வரும் மழையும் நிஜம்.

3

இங்கே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஊரில் நடக்கிற தப்புக்கெல்லாம் தானே சொந்தக்காரன் என்று நினைப்பதும் ஒரு திமிர்தானே? அப்படி ஒரு பக்கம் எழுதியும் தள்ளினேன். பிறகு மனசு கேட்காமல் இன்னொரு சட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் பிள்ளைகள் மூன்று. அப்பா உள்ளே வந்ததும் கண்ணில் ஏதாவது படும். கவிழ்ந்த வாளி, உடைந்த தம்ளர். “யாரு?” என்பார். யாரும் பேசாவிட்டால் மூன்று பேருக்கும் அடி, மூன்று பேருக்கும் பட்டினி. ஒருத்தர் ஒத்துக்கொண்டால் அவரோடு போயிற்று. அக்காவும் தம்பியும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். நடுப்பிள்ளை யோசித்துப் பார்த்து, கேள்வி முடிவதற்குள் “நான்தான்” என்று சொல்லப் பழகிக்கொண்டது.

(நான் தேடிய லாபம் இதுதான். இரண்டு தட்டுச் சோறு. அதுவும் அவருக்கில்லை.)

“ஒரு நாள் கூரை ஒழுகி வீடெல்லாம் தண்ணி சார். ‘யாரு?’ன்னாரு. ‘நான்தான்’னேன்.”

“மழைக்கா?”

“மழைக்குத்தான். அதுக்கும் அடி விழுந்துச்சு.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்து, சட்டைக் கையை நீவிக்கொண்டே சொன்னார்: “பாவம், உழைச்சுக் களைச்சு வர்ற மனுஷன். நாமளும் கொஞ்சம் ஒழுங்கா இருந்திருக்கலாம்.”

ஒழுங்காக இருந்து மழையை என்ன செய்வதாம்?

வீட்டுக்கு வந்து, திமிர் என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

4

நாலு எழுத்துப் படித்த ஒருவர் எனக்கு விளக்கினார். ‘தப்புப் பண்ணிட்டேன்’ என்பது குற்ற உணர்வாம். ‘நானே ஒரு தப்பு’ என்பது அவமானமாம். சின்ன வயதில் அடிபட்டவர்களுக்கு அவமானத்தின் சாயம் குற்ற உணர்வில் இறங்கிவிடுமாம், வெள்ளைத் துணியில் சிவப்புக் காலுறை மாதிரி. (காலுறை என்னுடையது. அவர் இவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை.)

அவருக்கு இரண்டு சொல் தேவைப்பட்டது. இஸ்திரிக்காரருக்கு ஒன்றே போதும்: நான்தான். தப்பைச் செய்ததும் நான்தான், தப்பும் நான்தான்.

5

மேசையைச் சுற்றி நின்ற கூட்டம் கலைந்ததும், சூப்பர்வைசரம்மா அவரைப் பாய்லர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“நாளைக்குக் காலைல முதலாளி கேப்பாரு. ‘நான் இல்ல’ன்னு சொல்லணும். ரெண்டே வார்த்தை. எங்க, சொல்லுங்க.”

“நான்...”

“ம்.”

“நான்... தெரியாம...”

“அண்ணே!”

“வர மாட்டேங்குதும்மா.”

“பல்லோட சேத்து அதையும் புடுங்கிட்டாங்களா? இந்த வயசுல வேலை போச்சுன்னா வேற எவன் குடுப்பான்? வீட்டுக்குப் போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போங்க.”

சொல்லிக்கொண்டே போனார். நான் இல்ல, நான் இல்ல. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

6

மூன்று முடிவு எழுதிவைத்திருந்தேன். முதலாளி மனம் மாறுகிறார்: நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. காலுறையைப் போட்டவன் அழுதுகொண்டே முன்னால் வருகிறான்: சினிமா. இஸ்திரிக்காரர் கூட்டத்தில் பேசித் தன்...

(அவராவது பேசுவதாவது.)

ஆகவே அவரை நேராக வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். எப்போதும் சாவி போட்டுச் சத்தமில்லாமல்தான் நுழைவார். “திருடன் மாதிரி வர்றீங்க” என்று மனைவி கேலி செய்வாள். உள்ளேயிருந்து ‘யாரு?’ என்று ஒரு குரல் வராமல் இருக்கத்தான் அந்தச் சாவி என்று அவளுக்குத் தெரியாது. இன்று சாவி வேலைச் சட்டையோடு சலவைக்கூடத்தில் தொங்குகிறது. தட்டினார்.

“யாரு?”

“நான் இல்ல.”

வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. உள்ளே மனைவி குபுக்கென்று சிரித்தாள்.

“அப்படியா? சரி, எங்க வீட்டுக்காரர் வந்தா சொல்றேன். நீங்க கெளம்புங்க.”

அவர் நின்றார். தாழ்ப்பாளில் அவள் கை வைக்கும் சத்தம் கேட்டது.

“என்னங்க, வெளையாடாம சொல்லுங்க. யாரு?”

பதில் ஒன்றுதான் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். நான் எழுத மாட்டேன். எழுத்தில் அது எப்படி விழுந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதற்குக் குரல் கிடையாது. நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அடி வாங்க முதுகைக் காட்டுகிறவன் சொல்வது மாதிரி வந்தால் நாளைக்கு அவருக்கு வேலை இல்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் சொல்வது மாதிரி வந்தால், முதலாளியைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

சீக்கிரம். மனுஷன் வெளியே நிற்கிறார், கன்னம் வேறு வலிக்கிறது. ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், யாரு என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

நான் இல்லை.