விலக்கு பெற்ற கம்ப்யூட்டர்கள்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், அவிநாசி சாலையிலுள்ள குன்றுவேல் நிட்ஸ் பனியன் கம்பெனிக்குள் இனி எந்த இணையத் திருடனும் நுழைய முடியாது. முதலாளி ராஜவேல் தம் கையால் தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சென்சார் என்னும் கறுப்புப் பெட்டியை நிறுவிவிட்டார். உள்ளே வரும், வெளியே போகும் ஒவ்வொரு தகவலையும் அது பிரித்துப் பார்க்கும். சந்தேகம் வந்தால் அங்கேயே மடக்கும்.

வாங்கச் சொன்னது, சரக்கு எடுக்கும் டென்மார்க் பையர். வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஆடிட்டர் வந்து சோதிப்பார். பெட்டி ஒழுங்காக வேலை செய்தால்தான் குழந்தைகள் பனியன் ஆர்டர்.

பெட்டி முதல் நாளே ஒருவரை மடக்கியது. ராஜவேலை.

ஆபீசில் உட்கார்ந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, முருகன் படத்தோடு ‘இனிய காலை’ என்று பையர், சாயப்பட்டறை, சம்பந்தி வகையறா என அத்தனை பேருக்கும் ஒரே தட்டில் மெயில் அனுப்புவது. ஒரு கம்ப்யூட்டர் இப்படிக் கொட்டினால் அதற்குள் வைரஸ் புகுந்துவிட்டது என்றுதான் சென்சார் முடிவு கட்டும். இணைப்பைத் துண்டித்துவிட்டது.

“ஏனுங்க அம்மிணி, என்ற கம்பெனியில என்னையவே திருடங்குதா அந்தப் பொட்டி?”

நெட்வொர்க் இன்ஜினியர் ஆஷா தூத்துக்குடிக்காரி. “அப்படி இல்ல சார். மொத்தமா அனுப்பாம கொஞ்சங் கொஞ்சமா அனுப்புங்க.”

“முருகனுக்கே லிமிட்டா?”

“சரி, மெயிலுக்கு மட்டும் வரம்பக் கூட்டிருதேன்.”

“கூட்டறது கொறைக்கறதெல்லாம் வேண்டாமுங்க. அது என்ற பக்கமே திரும்பப்படாது.”

முதலாளியின் கம்ப்யூட்டருக்கு முழு விலக்கு அளிக்கப்பட்டது. மதியத்துக்குள் அக்கவுண்ட்ஸ் செங்கோட்டையன் வந்து நின்றார். முதலாளியின் மச்சினன்.

“அப்ப நாங்கெல்லாம் திருடனுங்களா? மச்சானுக்கு மட்டுந்தான் மருவாதியா?”

அவருக்கும் கொடுத்தாயிற்று. அதோடு விலக்கு என்பது கோயில் பரிவட்டம் போல ஆகிவிட்டது. யாருக்குக் கட்டினார்கள், யாரை விட்டார்கள் என்று கம்பெனி முழுக்க இதே பேச்சு. கட்டிங் மேனேஜர் கோபித்துக்கொண்டு டீ குடிக்காமல் இருந்தார். எச்.ஆர். சித்ராதேவி நேராகவே கேட்டார்: “எனக்கப்புறம் சேர்ந்தவரு வாங்கிட்டாருங்க. நானென்ன இளிச்சவாயா?”

கேட்டவர்களுக்கெல்லாம் விலக்கு கொடுத்தாயிற்று; ஆஷாவுக்குத்தான் பொறுக்கவில்லை. முதலாளியிடம் போனாள்.

“எல்லாருக்கும் விலக்கு குடுத்தா அது யாரத்தான் சார் பாக்கும்? ஆடிட்டர் வந்தா மாட்டிக்கிடுவோம்.”

“பெரிய மனுசங்களச் சந்தேகப்பட்டா நல்லாருக்குங்களா கண்ணு? மத்தவங்களப் பாக்கட்டும்.”

“மத்தவங்கன்னு யாரு சார் மிச்சம் இருக்கா?”

“அதைக் கண்டுபுடிக்கத்தான உங்களுக்குச் சம்பளம்!”

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் வந்தார். ராஜவேல் அவரைத் தம் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். ஆடிட்டர் ஒரு போலி வைரஸை இறக்கிப் பார்த்தார். ஊர்வலம் போல உள்ளே வந்தது. செங்கோட்டையன் மேசையில் முயன்றார்; வந்தது. சித்ராதேவி மேசையிலும் வந்தது.

“இந்தச் சென்சார் எதைத்தான் கண்காணிக்கிறது?” என்றார் ஆடிட்டர்.

“எச்.ஆர். ரூமுக்கு வெளியே இருக்க பிரிண்டர” என்றாள் ஆஷா. அதற்காகச் சிபாரிசுக்கு யாரும் வரவில்லை.

ராஜவேல் நெஞ்சை நிமிர்த்தினார். “பாத்தீங்களா? பிரிண்டருக்கே அவ்வளவு பாதுகாப்புங்க!”

ஆர்டர் கிடைக்கவில்லை.