அக்காவின் காலைத் தியானம்

பஸ்ஸில் உட்கார்ந்ததுமே டைலரக்காவின் மனதுக்குள் நாளைய தியானம் தயாராக ஆரம்பித்துவிட்டது. தலைப்பு நேற்றே கிடைத்திருந்தது: ஒப்புரவு, பகைத்தவர்கள் மறுபடி சேர்வது. ஆறு வருஷமாகப் பேசாத தங்கையை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிற வழியில் ஒருத்திக்கு இதெல்லாம் தோன்றுமா என்றால், அவளுக்குத் தோன்றும். காலை ஆறு மணிக்கு வேதம் வாசித்து, ஆறரைக்குச் சபை வாட்ஸ்அப் குழுவில் மூன்று நிமிஷம் பேசிப் போடுவதைப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் விட்டவளில்லை. இருநூறு பேர் கேட்கிறார்கள். காய்ச்சலில் படுத்த நாளிலும் போர்வைக்குள்ளிருந்து பேசியிருக்கிறாள். வசனத்தை வாசித்தால் மட்டும் போதாது, அதை வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று முடிப்பது அவள் வழக்கம்.

பொருத்துவதில் அவள் கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. வீட்டு முன்னறையில் முப்பது வருஷமாகத் தைக்கிறவள். வாசலில் ஒருத்தி வந்து நின்றாலே தோளளவும் இடுப்பளவும் கண்ணுக்கு வந்துவிடும். வசனமும் அப்படித்தான். புறங்கூறுவதைப் பற்றி வாசித்தால் எதிர்வீட்டுக்காரி, பெருமையைப் பற்றி வாசித்தால் பாடகர் குழுத் தலைவர், சோம்பலுக்குச் சொந்த மருமகள். அந்தந்த ஆளை வேதத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்து, அவர்களுக்காக ஜெபமும் பண்ணுவாள். பொய் ஜெபம் என்று சொல்ல முடியாது, கண்ணீரெல்லாம் வரும். ஆனால் அவ்வளவு பெரிய புத்தகத்தில் அவளுடைய அளவுக்கு ஒரு வசனம்கூட இத்தனை வருஷத்தில் அகப்படவில்லை.

தங்கைக்கும் ஒன்று பொருத்தினாள். அதோடு போயிற்று எல்லாம். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைச் சின்னவள்தான் நாலு மாசம் வீட்டில் வைத்துப் பார்த்தாள். பகலெல்லாம் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் நின்றபடி வேலை, வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் புரட்டித் துடைத்துத் துணி மாற்றுகிற வேலை. முதுகு விட்டுப்போன பிறகு அக்காவிடம் வந்து கேட்டாள், ரெண்டு மாசம் வைத்துக்கொள்ள முடியுமா என்று. "அளவு குடுக்க நாலு பேர் வந்து போற இடம்டி. துணியைப் பரப்புறதா, அம்மாவைப் படுக்கப் போடுறதா?" என்றாள் அக்கா. வேறு வழியில்லாமல் சின்னவள் அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். இருபதாவது நாள் அம்மா அங்கேயே கண்ணை மூடிவிட்டாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள். பெற்றவர்களைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளையை எடுத்துக்கொண்டு அக்கா தழுதழுத்த குரலில் பேசினாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு மகள் இருக்கா. பெத்தவளைக் கொண்டுபோய் யாரோ கையில தள்ளிட்டு வந்துட்டா. பேரு சொல்ல மாட்டேன்." பேர் சொல்ல என்ன அவசியம் இருந்தது? அடக்கத்துக்கு வந்துபோன சனம்தானே குழுவில் இருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. ஏழு மணிக்குள் சின்னவள் குழுவைவிட்டு வெளியேறிவிட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு. தப்புப் பண்ணினவள் அவள், வரவேண்டியவளும் அவள் என்று அக்கா இருந்துவிட்டாள். எப்போதாவது, தியானம் முடிந்து போனைப் பார்க்கும்போது, சின்னவள் கூப்பிட்ட அடையாளம் கிடக்கும். வாசிக்கிற நேரத்தில் அக்கா போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவாள். கர்த்தரோடு பேசும்போது வேறு யாரோடும் பேசுவதில்லை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. வேணும்னா திரும்பக் கூப்பிடட்டும் என்று நினைத்துக்கொள்வாள். சின்னவள் திரும்பக் கூப்பிட்டதில்லை.

பத்து நாளைக்கு முன்னால் சின்னவளுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று பாஸ்டரம்மா சொன்னபோது அக்காவுக்குத் தைத்துக்கொண்டிருந்த துணி எது, விளிம்பு எது என்று தெரியாமல் போயிற்று. அந்த வாய் இனிமேல் 'அக்கா' என்று கூப்பிடாமலே போய்விடுமோ என்று பயந்தாள். அந்தப் பயம் நிஜம். அடுத்த நாள் நாலு பேராகப் போய் ஜெபித்துவிட்டு வரலாம் என்று பாஸ்டரம்மா சொன்னதும், அந்தப் பயத்தின் மேலேயே அழகாக ஒரு தலைப்பு வந்து உட்கார்ந்ததும் நிஜம்தான்.

மூன்றாம் மாடி. ஆறு கட்டில் போட்ட வார்டில் ஜன்னலோரக் கட்டில். பாஸ்டரம்மாவும் இரண்டு பெண்களும் முன்னதாகவே வந்து நின்றிருந்தார்கள். சின்னவள் பாதியாக இளைத்திருந்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் கண் மட்டும் அகலமாகி, அப்படியே நின்றது. அந்தப் பார்வை வா என்கிறதா, போ என்கிறதா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

தங்கை புருஷன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க அண்ணி. அவளுக்கு எல்லாம் புரியுது. இடது கையும் நல்லா இருக்கு. பேச்சுதான் வரல." தலைமாட்டுப் பெட்டியிலிருந்து கறுப்பு அட்டை வேதத்தை எடுத்துக் கொடுத்தான். "நான்தான் தினமும் வாசிச்சுக் காட்டறேன். உங்களை மாதிரி எனக்கு வராது."

"நீங்களே ஒரு பகுதி வாசிங்கக்கா," என்றாள் பாஸ்டரம்மா. "உங்க வாயால கேட்டா அவங்களுக்கும் தெம்பா இருக்கும்."

அக்கா போனை எடுத்து, ஒலிப்பதிவை ஓடவிட்டு, கட்டிலுக்குக் குறுக்கே இருந்த சாப்பாட்டுப் பலகையில் சாய்த்து வைத்தாள். "வர முடியாதவங்களும் கேக்கட்டும்," என்றாள். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

வேதத்தின் அட்டையைத் தடவிப் பார்த்தாள். இதே அட்டையில் அவளிடமும் ஒன்று இருந்தது. இரண்டு பெண்களுக்கும் அப்பா ஒரே நாளில் வாங்கிக் கொடுத்தவை. வருஷம் முழுவதும் எந்தத் தேதியில் எந்த அதிகாரம் வாசிக்க வேண்டும் என்ற அட்டவணையை அவரே கையால் எழுதி இரண்டிலும் ஒட்டியிருந்தார். பேச்சு நின்ற பிறகும் ஒவ்வொரு நாளும் அக்காவும் தங்கையும் வாசித்தது ஒரே பக்கத்தைத்தான். என்ன வாசிப்பது என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டாள் அக்கா: மத்தேயு ஐந்து. காணிக்கையோடு வந்த இடத்தில், உன்மேல் உன் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று வருகிற இடம். அப்பாவின் கணக்குப்படி ஜனவரி ஐந்தாம் தேதிக்கு உரியது. அவளுடைய வேதத்தில் அந்த வசனத்துக்கு நேராக ஓரத்தில் 'சின்னவளுக்கு' என்று எழுதியிருந்தது. வருஷா வருஷம் அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே இன்னொரு தரம் எழுதிக் கறுப்பாக்கியிருந்தாள்.

நல்ல குரல் அவளுக்கு. முதல் வரிகளை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். அந்த இடம் வந்தது. இங்கேயும் ஓரத்தில் எழுத்து இருந்தது, எறும்பு ஊர்கிற மாதிரி சின்னவளின் பொடி எழுத்து.

'எனக்கு. அக்காவுக்கு என்மேல் குறை. ஜனவரி 5, காலை ஆறேகால், கூப்பிட்டேன். இந்நேரம் அவளும் இதைத்தான் வாசித்துக்கொண்டிருப்பாள். எடுக்கவில்லை.'

அதற்குக் கீழே அடுத்த வருஷம். 'கூப்பிட்டேன். எடுக்கவில்லை.' அதற்குக் கீழே இன்னொன்று. ஐந்து வருஷம், ஐந்து வரி. ஆறாவது இந்த ஜனவரியில் எழுதியது: 'கூப்பிடவில்லை. அவள் வாசிக்கட்டும்.'

அக்கா அந்த வரிகளையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். இந்த வசனத்தைத் தங்கைக்கென்று எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், அந்தப் போன் சத்தமில்லாமல் மின்னி மின்னி அணைந்திருக்கிறது. அடுத்த வார்த்தை வரவில்லை. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, வசனம் உள்ளத்தைத் தொட்டுவிட்டது என்று எண்ணி, "ஸ்தோத்திரம்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தச் சொல் அக்காவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

வேதத்தை மடியில் போட்டுவிட்டுத் தங்கையின் இடது கையைப் பிடித்தாள். யார் நிற்கிறார்கள், எத்தனை பேர் என்பதெல்லாம் மறந்துவிட்டது. "சின்னவளே, அம்மாவை வச்சுக்க முடியாதுன்னு சொன்னது நான்டி. நான் சொன்னதை மறைச்சு, பழியை உன் தலையில போட்டேன். ஊரு பூரா கேக்கப் போட்டேன். நீ கூப்பிட்டப்பவும் எடுக்கல. என்னை மன்னிச்சிரு. தலையையாவது ஆட்டுடி." பன்னிரண்டு வருஷத்தில் அவள் பேசியதிலேயே அளவெடுக்காத பேச்சு இதுதான்.

சின்னவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா அந்தப் பார்வையைத் தொடர்ந்து திரும்பினாள். பலகையில் சாய்ந்திருந்த போனில் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. நாலு நிமிஷம் பத்து விநாடி. பதினொன்று. பன்னிரண்டு.

"ஐயோ, இதுக்காக இல்லடி," என்றாள் அக்கா. "இதை நான் மறந்தே போயிட்டேன்."

தங்கையின் கை அவள் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டது. பலகையின் மேல் ஊர்ந்துபோய், இரண்டு தடவை வழுக்கி, மூன்றாம் தடவை போனைப் பிடித்துக் குப்புறக் கவிழ்த்தது. பிறகு திரும்பிவந்து போர்வைக்கு அடியில் போயிற்று. சின்னவள் முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜெபம் பண்ணலாம்," என்றாள் பாஸ்டரம்மா. எல்லாரும் தலை குனிந்தார்கள். பலகையோடு ஒட்டிக் கிடந்த போனின் விளிம்பில் மெல்லிய வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தக் கை நீட்டவும் அக்காவால் முடியவில்லை.