சந்துக்கு ஒரே போர்டு

குல்சும் பானுவுக்கு உலக வரைபடம் அத்துப்படி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் உலர்பழக் கடை வைத்திருப்பவளுக்கு வேறு வழி ஏது? கந்தஹார் அத்திப்பழம் முன்பெல்லாம் பாகிஸ்தானைக் கடந்து லாரியில் நேராக வந்தது. எல்லையை மூடியதும், ஈரான் துறைமுகத்தில் கப்பலேறிச் சுற்றிக்கொண்டு வருகிறது. பாகிஸ்தான் சீனாவோடு கைகோத்து ஒரு பாதை போட, நாம் பாகிஸ்தானைத் தொடாமல் இன்னொன்று போட, நடுவில் காய்ந்தது அவள் வியாபாரம்தான்.

அன்று காலை எதிர்க்கடை வெள்ளைத்துரை ஒரு போர்டோடு வந்து நின்றார். நாட்டு மருந்துக் கடைக்காரர், வியாபாரிகள் சங்கச் செயலாளர். ‘இங்கே எதிரி நாட்டுச் சரக்கு விற்பதில்லை’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

“சங்கத்துல முடிவாயிட்டு, பாயம்மா. மாட்டிருங்க. அடுத்த வாரம் ஒங்க கடை அக்ரிமென்ட் புதுப்பிக்கிறது வேற இருக்குல்லா?”

கட்டடம் சங்கத் தலைவருடையது. மாட்டாவிட்டால் கடை போய்விடும். போர்டில் பொய்யும் இல்லை. சரக்கு ஈரான் வழியாக வந்ததைக் காட்டும் கப்பல் பில் இழுப்பறையிலேயே இருந்தது. அவள் கை அதை எடுக்கப் போனது.

“எத்தினி போர்டு அடிச்சீங்க, அண்ணாச்சி?”

“ஒண்ணுதான்.”

“சந்துல இருபத்திரெண்டு கடை கீது. உங்களுக்கு?”

“எனக்கு எதுக்கு? நான் என்ன...” அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

இழுப்பறையைப் படாரென்று மூடினாள். போர்டைப் பிடுங்கிக்கொண்டு அவர் கடைக்கே போனாள். சுக்குக்கும் திப்பிலிக்கும் நடுவே ஒரு கூடை நிறைய இந்துப்பு, விரதக்காரர்கள் தேடி வந்து வாங்குவது.

“இது எந்த ஊரு?”

“இமயமலைச் சரக்குல்லா!”

“இமயமலையா? பாகிஸ்தான் சுரங்கத்துல வெட்டினது. உங்களுக்கு ஏஜென்ட் நம்பர் குடுத்ததே நான்தானே!”

வெள்ளைத்துரைக்கு முகம் செத்துவிட்டது. “அது பாகிஸ்தான் சரக்குக்குத் தடை வர்றதுக்கு முன்ன வாங்குனது. யாருட்டயும் சொல்லிராதீங்க.”

“சொல்ல மாட்டேன். ஆனா இருபத்திரெண்டு போர்டு அடிங்க. மொதல்ல இங்க மாட்டுங்க, அப்பால நான் மாட்டறேன். கடைய காலி பண்ணணும்னா, ஏன்னு உங்க தலைவர் இங்க வந்து நாலு பேர் முன்னால சொல்லட்டும்.”

போர்டை அவர் கல்லாமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள். பயம் இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. அவள் கடை வாசலில் பை தூக்கிய ஒரு அம்மாள், “இந்த அத்திப்பழம் எந்த வழியா வருதுங்க?” என்று கேட்டாள்.

“அத சொல்றதா இல்லம்மா,” என்று ஒரு பழத்தை நீட்டினாள் குல்சும். “வாயில போட்டுப் பாத்து, இனிப்பா கீதான்னு மட்டும் சொல்லுங்க.”