அம்மா விசில்

"விடாத, விடாத. அப்படியே இழு," என்று அப்பா கார் ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார்.

"வெளிச்சத்தை மறைக்கிறீங்கப்பா. கொஞ்சம் தள்ளுங்க."

அவள் முன்சீட்டில் குறுக்காகப் படுத்து, முகத்தை ஸ்டீரியோவுக்கு நேரே கொண்டுபோயிருந்தாள். நெற்றியில் மாட்டியிருந்த விளக்கின் வெளிச்சம் கேசட் போடும் வாய்க்குள் விழுந்தது. நுனி மட்டும் திறந்து மூடும் நீள இடுக்கியால் கறுப்பாக எதையோ கவ்விப் பிடித்து, அவசரப்படாமல் வெளியே எடுத்தாள். பற்கள் உதிர்ந்த சீப்பின் துண்டு.

அப்பா அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "என் சீப்புதான்," என்றார், காணாமல் போன பிள்ளை வீடு திரும்பிய மாதிரி.

கார் நின்ற ஷெட்டுக்கும் அம்மா படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதில் ஒரு ஜன்னல், பெட்ரோல் வாடைக்குப் பயந்து எப்போதும் சாத்தியே இருக்கும். அம்மாவின் மூச்சு இங்கே கேட்கவில்லை. காலையில் கேட்ட மூச்சு மட்டும் அவள் காதிலேயே தங்கியிருந்தது. இழுத்து, நின்று, மறந்துபோன எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டது போல மறுபடி இழுக்கும் மூச்சு. இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் தாண்டாது.

காலையில் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டபோது அம்மா கண்ணைத் திறந்தாள். நல்ல நினைவோடுதான் பேசினாள்.

"வண்டிக்குள்ள இருக்கறத எடு."

"என்னதும்மா?"

"என் கேசட்டு. எடுத்து உங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டு."

கடைசி நாளில் மனிதர்கள் என்னென்னவோ கேட்பார்கள். அம்மா கேட்டது சாட்சி.

அந்த வீட்டில் 'அம்மா விசில்' என்றால் நிரூபிக்க முடியாத பெருமை என்று அர்த்தம். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தேன் என்று தம்பி சொன்னால், "நிஜமாவா, இல்ல அம்மா விசிலா?" என்பார் அப்பா. யாராவது தன் வேலையைப் பற்றி அளந்துவிட்டுப் போனால், கதவு சாத்தியதும் எல்லோரும் உதட்டைக் குவித்துக் காட்டிச் சிரிப்பார்கள். கல்யாணமான மறுவருஷமே அவள் கணவனும் அதைச் சொல்லப் பழகிவிட்டான். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள்.

விஷயம் பெரிதல்ல. மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, அப்பா வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு பகலில், அம்மா பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க விசிலடித்துப் பதிவு செய்திருக்கிறாள். பிறந்த வீட்டில் பெண்பிள்ளை விசிலடித்தால் முதுகில் விழும். அதனால் ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பழகிய விசில். ஒருத்தரும் கேட்டதில்லை. அப்பா ஊரிலிருந்து வந்ததும் அவரிடம்தான் முதலில் சொன்னாள். "நீயா?" என்று சிரித்தபடியே அவர் கேசட்டைக் கார் ஸ்டீரியோவுக்குள் தள்ளினார். அது கோணலாகப் போய் மாட்டிக்கொண்டது. பாடவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அடுத்த மாதமே அம்மாவுக்கு முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நாளாவட்டத்தில் முகம் நேரானாலும் உதடு பழையபடி குவியவில்லை.

கடையில் கொடுத்திருந்தால் ஒரு மணி நேர வேலை. "கண்டவன் என் வண்டியில கை வைக்கிறதா?" என்று அப்பா தானே சீப்பை விட்டு நோண்டினார். சீப்பு உடைந்து உள்ளே போனது. சீப்பை எடுக்க ஹேர்பின் போனது. ஹேர்பின்னை எடுக்க ரம்பத் தகடு போனது. எடுக்கப் போனதெல்லாம் அங்கேயே குடியேறிவிட்டது.

அவள் வேலை பார்ப்பது காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில். மணி, புளியங்கொட்டை, பென்சில் ரப்பர் என்று மூக்கில் போட்டுக்கொண்டு வரும் குழந்தைகள் தினம் உண்டு. "வீட்ல குச்சி விட்டு நோண்டாதீங்க, இன்னும் உள்ள போயிடும்," என்று அம்மாக்களிடம் அலுக்காமல் சொல்லுவாள். பொருளை முன்னாலிருந்து தொடவே கூடாது. அதைத் தாண்டிப் போய், பின்னால் கொக்கியை இறக்கி, நம் பக்கமாகக் கொண்டுவர வேண்டும். இவ்வளவு தெரிந்தவள் இந்த ஸ்டீரியோவைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அம்மா சொன்னதை அவள் நம்பவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியே அவளுக்கு வந்ததில்லை. இப்போது வந்திருந்தது. உள்ளே வெறும் கேசட் இருந்துவிட்டால்? பதிவாகவே இல்லை என்றால்? அம்மா போன பிறகும் அந்தச் சொல் இந்த வீட்டில் புழங்கும். பேரப்பிள்ளைகள் சொல்வார்கள்.

ஹேர்பின் வந்தது. ரம்பத் தகடு துருவை உதிர்த்துக்கொண்டு வந்தது.

"மேல ஒரு தட்டு தட்டினா மிச்சம் தானா விழும்," என்றார் அப்பா.

"நீங்க தட்டினதெல்லாம் போதும்பா."

தம்பி வாசலில் வந்து நின்றான். "அக்கா, மூச்சு நடுவுல ரொம்ப நேரம் நிக்குது."

"பேசிக்கிட்டே இரு."

"என்னத்தைப் பேச?"

"உன் மேனேஜரைத் திட்டு. அம்மாவுக்குப் பிடிக்கும். அதுக்கு முன்னாடி உன் வண்டியைக் கொண்டாந்து இதுக்கு மூஞ்சிக்கு மூஞ்சி நிறுத்து. இதுல பேட்டரி செத்துக் கிடக்கு, உன்னோடதுலேருந்து வயர் போட்டுக்கலாம்."

உள்ளே இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். மரத்துண்டு. உடைந்து போனது அல்ல. ஒரு முனையைச் சீவி, கேசட்டின் பக்கத்து இடுக்குக்குச் சரியாக வெட்டி, அடித்து இறக்கியது.

"அப்பா, இது எடுக்கிறதுக்கு விட்டதில்லையே."

அப்பா குனிந்து பார்த்தார். "ஓட்டும்போது உள்ள கடகடன்னு ஆடிச்சு. மண்டைக்குள்ள ஆடுற மாதிரி இருந்துச்சு. அதான் ஆப்பு வச்சு அடைச்சேன்."

"இதுதான் கேசட்டை நகரவிடாமப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொக்கியை ஆப்பின் பக்கவாட்டில் நுழைத்து, அதைத் தாண்டும்வரை உணர்ந்து உணர்ந்து போனாள். நுனி திரும்பியது. மிரளும் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்வது போல இடது கையால் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். ஆப்பு முனகிக்கொண்டு வந்தது. கேட்காமலேயே அப்பா கை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கேசட் இப்போது முழுசாகத் தெரிந்தது. கோணலை விரலால் நேராக்கி மெல்லத் தள்ளினாள். உள்ளே எங்கேயோ ஒரு 'க்ளிக்'.

தம்பி வயரை மாட்டினான். அவள் அறைக்குள் ஓடி ஜன்னலைத் திறந்தாள். தம்பியும் பின்னாலேயே வந்தான்; அவன் திறந்துவிட்ட கதவு வழியாக வெயில் அம்மாவின் கால்மாட்டில் விழுந்தது.

"போடுங்கப்பா."

அப்பா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீரியோவில் சிறு விளக்கு எரிந்தது. சரசரவென்று இரைச்சல். இரைச்சலைத் தவிர வேறில்லை. அது போய்க்கொண்டே இருந்தது. தம்பி அவளைப் பார்த்தான். அப்பா உதட்டைப் பிதுக்கி, நிறுத்துவதற்காகக் கையைத் தூக்கினார்.

ஒரு பெண் தொண்டையைச் செருமினாள்.

பிறகு விசில் வந்தது. முதலில் பழைய டேப்பின் தள்ளாட்டத்தோடு, போகப்போக நிமிர்ந்து. அது யாரையும் கூப்பிடும் விசில் அல்ல. ஒரு முழுப் பாட்டு. மேலே ஏறும் இடத்தில் மூச்சு வாங்கவில்லை. ஏறி, அங்கேயே நின்று, இறங்க மனமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, வழுக்கிக்கொண்டு இறங்கியது. நடுவில் அடுப்பில் குக்கர் கூவியது. அம்மா அசரவில்லை. குக்கர் நிறுத்திய அதே சுரத்தைப் பிடித்து, அங்கிருந்து பாட்டைத் தொடர்ந்தாள். தொடர்ந்துவிட்டு, தன் சாமர்த்தியத்துக்குத் தானே ஒரு சிரிப்புச் சிரித்தாள். இளம் சிரிப்பு. மகளுக்கு இப்போது இருக்கும் வயதைவிட மிகவும் இளைய பெண்ணின் சிரிப்பு.

"டேய்," என்றான் தம்பி, யாரையும் பார்க்காமல்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கண்கள் மூடியிருந்தன.

"கேக்குதாம்மா?"

"எனக்கென்ன, நான் அடிச்சதுதானே," என்றாள் அம்மா. குரல் காற்றாகத்தான் வந்தது. "அவரு கேக்குறாரா?"

"கேக்குறாரு."

"என்ன சொல்றாரு?"

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வண்டி ஓடிக்கொண்டிருப்பது போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் சொல்லலம்மா."

"ஒண்ணுமேவா?"

"ஒரு வார்த்தை வரல."

அம்மாவின் உதட்டோரம் ஒரு பக்கம் மட்டும் மெல்ல ஏறியது. ஜெயித்தவர்கள் சத்தம் போடாமல் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. விசில் அடுத்த பாட்டுக்குப் போனது. அம்மாவின் உதடுகள் லேசாகக் குவிந்தன. நர்ஸ் கண்ணுக்குத் தப்பாத, மற்றவர் கண்ணுக்குப் படாத அளவுக்கு. அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிவதற்குள் விரலடியில் ஒன்றும் இல்லாமல் போனது. அவள் கையை எடுக்கவில்லை. தம்பியிடமும் உடனே சொல்லவில்லை. அம்மா பாடி முடிக்கட்டும் என்று இருந்தாள்.

சாயங்காலம் சேதி கேட்டு வந்தவர்களால் வீடு நிறைந்தது. அப்பா மட்டும் அறைக்குள் ஒருமுறை வந்து, அம்மாவின் நெற்றியில் கை வைத்துவிட்டு, மறுபடி காரில் போய் உட்கார்ந்துகொண்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்களை ஒவ்வொருவராகப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார். "ஒரு நிமிஷம் இதைக் கேளு," என்பார். கேட்டு முடித்தவர்கள் வாயடைத்து இறங்கினார்கள். அடுத்தவருக்காக ரீவைண்ட் செய்தார். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே இரண்டு தலைகள் தெரிந்தபோது சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

உடலை எடுத்துப் போகும் வேனிலிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். ஷெட் வழியாகத்தான் உள்ளே போக முடியும். காரின் கதவு வழியை அடைத்துக்கொண்டு திறந்திருந்தது.

"பெரியவரே, கதவைக் கொஞ்சம் சாத்திக்கிட்டீங்கன்னா போயிடுவோம்."

"இருப்பா. இந்த இடம் வரட்டும்."

"யாரு சார் விசிலடிக்கிறது?"

"என் வீட்டுக்காரி," என்றார் அப்பா. "இப்ப மேல ஏறுவா பாரு. மூச்சே விட மாட்டா."

வந்தவர்களில் மூத்தவர் ஸ்ட்ரெச்சரைச் சுவரில் சாய்த்துவிட்டு, காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கூட வந்தவன் நேரமாகிவிட்டது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூத்தவர் திரும்பாமலேயே, அவனைப் பேசாமலிருக்கும்படி கையமர்த்தினார்.