அண்ணாச்சியின் ராசி நம்பர்

மூணு நாளாக வாங்கிய ஏச்சு விஜிலாவுக்குத் தொண்டை வரைக்கும் நிறைந்து கிடந்தது. தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் பால்துரை அண்ணாச்சியின் ஆபீசில் பேப்பர் வேலை அவளுக்கு. பிரிண்டர் அசைய மாட்டேன் என்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“ஏளா, நாலு மணிக்குள்ள பேப்பர் டிரைவர் கையில இருக்கணும். இல்லன்னா நாளையிலருந்து வராத,” என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி. வாசலில் கருவாட்டுக் கண்டெய்னர் நிற்கிறது. மணி மூணு.

அலுத்துப்போய் பிரிண்டரின் பொத்தானை அமுக்கினாள். சின்னத் திரையில் அதன் ஐபி அட்ரஸ் வந்தது: 192.168.1.9. ஆபீசில் ஒவ்வொரு மெஷினுக்கும் இப்படி ஒரு நம்பர் உண்டு. முன்னால் உள்ளது எல்லாவற்றுக்கும் பொது. கடைசி எண்தான் மாறும். அவள் அனுப்புகிற பேப்பர் அந்த எண்ணைத் தேடித்தான் போகும்.

போகிறது சரி, ஏன் சேரவில்லை? சனிக்கிழமை வரை ஓடிய மெஷின்தானே? திங்கட்கிழமை அண்ணாச்சிக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ஐயோ மாதாவே!

அண்ணாச்சி ஊதுபத்தி கொளுத்தி, தன் கம்ப்யூட்டரைப் போட்ட பிறகுதான் இந்த ஆபீசில் மற்ற எதையும் போடலாம். அவர் லாரி நம்பர், போன் நம்பர் எல்லாமே ஒன்பதில்தான் முடியும். ஓடிப்போய் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அங்கேயும் 192.168.1.9.

“இதை யாரு போட்டது?”

“நாந்தாம் மாட்ட வந்தவன்ட்ட ஒம்பது போடச் சொன்னேன். நம்ம ராசி நம்பருல்லா.”

“துறைமுக யார்டுல ஒரே நம்பர்ல ரெண்டு கண்டெய்னர் நின்னா கிரேன்காரன் எதைத் தூக்குவான் அண்ணாச்சி? பிரிண்டருக்கும் ஒம்பது, ஒங்களுக்கும் ஒம்பது. காலையில மொதல்ல போடுகது ஒங்க கம்ப்யூட்டர்தான், எம் பேப்பர் எல்லாம் அதுகிட்ட வந்து முட்டிக்கிட்டு நிக்கி.”

அண்ணாச்சி மூக்கைத் தடவினார். “ஒம்பதை நான் விடமாட்டேன். பிரிண்டருக்கு வேற போடு.”

யாரிடமும் இல்லாத 25-ஐ பிரிண்டருக்குக் கொடுத்தாள். தன் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பிரிண்டர் நம்பரையும் 25 என்று மாற்றி வைத்தாள். கடகடவென்று தாள்கள் வந்து விழுந்தன. மூணே முக்காலுக்கு வண்டி கிளம்பியது.

அண்ணாச்சி டீ சொன்னார். தனக்கு மட்டும்.

“மூணு நாளா என்னைய அந்த ஏச்சு ஏசினீங்களே அண்ணாச்சி?” கேட்டே விட்டாள்.

அவர் நிமிரவில்லை. “அதாம் ஒன்னைய வேலைய விட்டு நிப்பாட்டலைல்லா? பொறவு என்ன வேணும்?”

என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்டு வாங்க உடம்பில் தெம்பில்லை. அடுத்த கண்டெய்னரின் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.