வெறும் குழாயில் நகர்ந்த கோடு

மார்ச் பதினோராம் தேதி, வேதியியல் கட்டடத்தின் அடித்தள அறையில், விருந்தாளி மூலக்கூறு ஒன்றுகூடச் சேர்க்காத ஐந்து கண்ணாடிக் குழாய்கள் காந்தக் கருவிக்குள் போய் வந்தன. ஐந்துக்கும் திரையில் கோடு வெவ்வேறு இடத்தில் நின்றது.

ஆய்வகத்தில் அந்த ஆய்வு மாணவிக்கு 'இடுக்கி' என்றே பெயர். பிளாட்டினம் பதித்த இரண்டு தட்டையான கைகளால், நடுவே வரும் இன்னொரு தட்டை மூலக்கூறைக் கவ்விப் பிடிக்கும் 'இடுக்கி' என்ற சேர்மத்தோடு மூன்று வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிடிப்பது வீடு, பிடிபடுவது விருந்தாளி. விருந்தாளியைச் சேர்க்கச் சேர்க்கத் திரையில் கோடு நகரும். நகர்ந்த தூரத்தை வைத்துப் பிடியின் வலுவைக் கணக்கிடலாம். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே அந்த எண்தான். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

விருந்தாளி இல்லாமல் வெறும் இடுக்கியை மட்டும் ஐந்து அளவில் நீர்க்கச் செய்து அளக்கச் சொன்னவர், அவள் கட்டுரையைப் படித்த முகம் தெரியாத மதிப்பீட்டாளர். ஒப்புக்குத்தான் செய்தாள்.

"அண்ணே, குழாயை மாத்திப் போட்டுட்டீங்களா?"

"என் தலையில கட்டாத," என்றார் கருவி ஆபரேட்டர். "நீ எழுதின நம்பர் வரிசையிலதான் போட்டேன். ரெண்டு தடவை."

"விருந்தாளியே இல்லாம எப்படிண்ணே நகரும்?"

"படிச்ச நீதான் சொல்லணும். வெளியாள் வராத வீட்ல அண்ணன் தம்பியே ஒருத்தன் கையை ஒருத்தன் முறுக்கிக்கிட்டு இருப்பான்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் திரையைத் திரும்பப் பார்த்தாள். ஓர் இடுக்கியின் கை இன்னொன்றின் வாய்க்குள். கரைசல் கெட்டியாக இருந்தபோதெல்லாம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்திருக்கின்றன. அவள் கணக்கிலோ எல்லா வீடும் காலி.

மாடியேறி, வழிகாட்டிப் பேராசிரியரின் மேசையில் தாள்களைப் போட்டாள்.

"முதல் வருஷமே கேட்டேன் சார். காலி வீட்டை எதுக்கும்மா அளக்கறேன்னு சொன்னீங்க."

"சொன்னேனா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அஞ்சு குழாய்தானே? ஆய்வேட்டுல அதை விட்டுடேன். யார் பார்க்கப் போறாங்க?"

"நானே பார்த்துட்டேனே சார்."

"அப்ப மறுபடி முதல்லேருந்து அளக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும்." நாற்பத்தாறு அளவீடுகள், ஒன்றும் தேறாது. வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை; அன்றைக்குத் தலையாட்டிவிட்டு வந்தவள் அவள்தான்.

கருவியில் அடுத்த காலி நேரம் ஏப்ரல் இருபத்தேழில் இருந்தது. ஆபரேட்டர் பதிவேட்டில் அவள் பெயரை எழுதினார். வெள்ளிக்கிழமை ஆய்வேடு ஒப்படைக்கப்படவில்லை.